ஆறு இதயங்களும் ஒரு பிளம் மரமும்

டேனிஷ் மொழியில் 'அன்மெல்டல்ஸ' என்றொரு சொல் உண்டு. நூல் மதிப்புரைக்கும் அதுதான் பெயர். காவல் நிலையத்தில் கொடுக்கும் புகாருக்கும் அதுதான் பெயர். டென்மார்க்கின் பொதுப் பள்ளியான ஃபோல்கஸ்கோலவில் படிக்கும் பதின்வயதுப் பிள்ளைகள் இந்த அன்மெல்டல்ஸ எழுதிப் பழகித்தான் வளர்கிறார்கள். ஒரு நாவலைப் படிப்பது, முடிவைச் சொல்லிவிடாமல் கதையை அறிமுகப்படுத்துவது, பிடித்ததா இல்லையா என்று எழுதுவது, யாருக்குப் பரிந்துரைக்கலாம் என்று சொல்வது, பிறகு அதை வகுப்புத் தோழர்களோடு பேசுவது. 'பிடிக்கவில்லை' என்று எழுதினால் அங்கே யாரும் அதைத் தவறாக நினைப்பதில்லை.

நம் பள்ளிகளில் துணைப்பாடம் படித்தவர்களுக்கு இதன் அருமை புரியும். நாம் கதைச்சுருக்கம் எழுதினோம். கதைமாந்தரின் பண்புநலன்களை எழுதினோம். கோனார் உரையில் இருந்ததை உருப்போட்டு எழுதினோம். அந்தக் கதை நமக்குப் பிடித்திருந்ததா என்று எந்த வினாத்தாளும் நம்மைக் கேட்கவில்லை. ஒரு நாவலைப் பற்றிச் சொந்தமாக ஒரு வார்த்தை சொல்லலாம் என்பதே நம்மில் பலருக்குப் படிப்பெல்லாம் முடிந்த பிறகுதான் தெரியவந்தது. ஆகவே டென்மார்க்கின் வழக்கத்தை நான் மதிப்போடுதான் அணுகுகிறேன். அதில் காணும் குறைகளைச் சொல்வதும் அந்த மதிப்பினால்தான்.

இந்த வழக்கத்துக்கு நீண்ட வேர் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் பாதிரியாரும் கவிஞருமான குருண்ட்விக், ஏட்டில் உறைந்த எழுத்தைவிட உயிருள்ள பேச்சே மனிதரை வளர்க்கும் என்று வலியுறுத்தினார். அவருடைய சிந்தனையின் வழியில் 1844இல் ரோடிங் என்ற ஊரில் முதல் மக்கள் உயர்பள்ளி தொடங்கியது. உழவர் வீட்டுப் பிள்ளைகள் கூடிக் கேட்டுப் பேசிக் கற்கும் இடம் அது. 1871 நவம்பரில் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் தன் புகழ்பெற்ற சொற்பொழிவு வரிசையைத் தொடங்கிய திறனாய்வாளர் கேயோர் பிராண்டஸ், சமூகச் சிக்கல்களை விவாதத்துக்குக் கொண்டுவரும் இலக்கியமே உயிரோடிருக்கும் இலக்கியம் என்று வாதிட்டார். இன்றைய டேனிஷ் வகுப்பறையில் இந்த இருவரின் சாயலும் தெரிகிறது. குருண்ட்விக் பிள்ளைகளைப் பேச வைத்தார். பிராண்டஸ் விவாதிக்க வைத்தார். அந்த வகுப்பறையின் வலிமை முன்னவரிடமிருந்து வந்தது, குறை பின்னவரிடமிருந்து வந்தது என்பது என் கருத்து.

முதலில் வலிமை. அதைக் காட்ட யானே டெல்லர் எழுதிய 'இன்டெட்' நாவலைவிடப் பொருத்தமான சான்று கிடைக்காது. தலைப்புக்கு 'ஒன்றுமில்லை' என்று பொருள். 2000ஆம் ஆண்டில் டேனிஷ் மொழியாசிரியர் சங்கத்தின் பதிப்பகமே இதை வெளியிட்டது. ஏழாம் வகுப்பு மாணவன் பியேர் அன்டோன், எதற்கும் பொருளில்லை என்று சொல்லிவிட்டு வகுப்பிலிருந்து எழுந்து போகிறான். வீட்டு முற்றத்துப் பிளம் மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு, பள்ளிக்குப் போகும் தோழர்களை நோக்கி அதையே சொல்லிக்கொண்டிருக்கிறான். அவன் சொல்வது பொய் என்று நிரூபிக்க, பிள்ளைகள் ஒரு பாழடைந்த மரஅறுவை ஆலையில் 'பொருளுள்ளவற்றை' குவிக்கத் தொடங்குகிறார்கள். தனக்கு அரியதை இழந்தவர், அடுத்தவர் எதை இழக்க வேண்டும் என்று தீர்மானிக்கலாம். புதுச் செருப்பும் வெள்ளெலியும் போகின்றன. பிறகு வகுப்புத் தோழன் ஹுசைனின் தொழுகை விரிப்பு, வேறொரு பிள்ளையின் இறந்துபோன குழந்தைத் தம்பியின் சவப்பெட்டி, கடைசியில் ஒரு பையனின் விரல்.

பெரியவர்கள் அதிர்ந்ததில் வியப்பில்லை. சில பள்ளிகள் நூலை விலக்கி வைத்தன. ஆனால் 2001இல் டேனிஷ் பண்பாட்டு அமைச்சகம் சிறார் நூலுக்கான பரிசை அதற்கே வழங்கியது. காலப்போக்கில் பள்ளிகளில் பரவலாகப் படிக்கப்படும் நூலாகவும் ஆனது. இத்தனை ஆண்டுகளில் பெரியவர்கள் இந்த நாவலிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்விதான்: இது பிள்ளைகள் படிக்கத் தக்கதா? பதின்மூன்று வயது வாசகரிடம் வேறு கேள்வி இருக்கிறது. அந்த வகுப்பில் நான் இருந்திருந்தால் எந்த இடத்தில் 'போதும்' என்று சொல்லியிருப்பேன்? செருப்பின்போதா, வெள்ளெலியின்போதா, சவப்பெட்டியின்போதா? கூட்டம் ஒருவரை எப்படி மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு போகும் என்பதை நாள்தோறும் வகுப்பறையில் அனுபவிப்பவர்கள் அவர்கள்தாம். 'இன்டெட்'டைப் பற்றிப் பேசும் அதிகாரம் என்னைவிட அவர்களுக்கு அதிகம். அந்த அதிகாரத்தை ஒப்புக்கொண்டு அவர்கள் கையில் நாவலைக் கொடுத்ததுதான் டேனிஷ் பள்ளிகள் செய்த துணிவான செயல்.

இளம் வாசகர் கொண்டுவரும் புதிய பார்வைக்கு இன்னொரு நாவலையும் சொல்லலாம். கிளாவுஸ் ரிஃப்பியெர்கின் 'டென் க்ரோனிஸ்க உஸ்கில்' 1958இல் வந்தது. பள்ளி மாணவன் யானுஸ் தன் நண்பன் தோரவை வியந்து வியந்து கதை சொல்கிறான். தோரவின் காதலி ஹெல்ல. அவளுடைய தாய் தோரவை மயக்கித் தன்வசப்படுத்துகிறாள். கதை ஹெல்லவின் தற்கொலையில் முடிகிறது. பல தலைமுறைகள் இதைக் கள்ளமின்மையை இழந்த கதையாகப் படித்தன. இன்று பதினாறு வயதில் இதைப் படிக்கும் ஒருவர், வளர்ந்த பெண் ஒரு பள்ளிச் சிறுவனிடம் நடந்துகொண்ட முறையை அதற்குரிய பெயரிட்டு அழைப்பார். பேராசிரியர்கள் தயங்கித் தயங்கி வந்து சேரும் இடத்துக்கு அவர் முதல் வாசிப்பிலேயே வந்துவிடுவார். அவருடைய காலம் அந்தக் கண்ணை அவருக்குக் கொடுத்திருக்கிறது.

இனி குறைகள். முதற்குறை, கருத்து ஓர் அச்சில் வார்க்கப்படுவது. 'பொலிட்டிகன்' நாளிதழ் நூல்களுக்கும் படங்களுக்கும் ஆறு வரை இதயங்கள் போடும். வேறு நாளிதழ்கள் விண்மீன்கள் போடும். மாணவரின் மதிப்புரைக்குள்ளும் இந்தக் கணக்கு நுழைந்துவிடுகிறது. அறிமுகம் ஒரு பத்தி, கதை ஒரு பத்தி, பிடித்தது, பிடிக்காதது, எந்த வயதினருக்கு, ஆறில் நான்கு இதயம். 'இன்டெட்' போன்ற ஒரு நாவல் ஒருவரின் தூக்கத்தைக் கெடுத்திருக்கலாம். அதற்கு எத்தனை இதயம்? தூக்கம் கெட்டதால் ஆறா, கெட்டதால் ஒன்றா? எண் வந்து உட்கார்ந்ததும் அந்தக் கேள்வியைத் தொடர்ந்து யோசிக்க வேண்டிய தேவை இல்லாமல் போகிறது. 'எந்த வயதினருக்கு' என்ற கேள்வியும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. பதினான்கு வயது வாசகரைத் தன் மனதைப் பார்க்கச் சொல்லாமல், விற்பனையாளரைப் போல வேறு யாரோ ஒருவரின் தேவையைக் கணிக்கச் சொல்கிறது அது.

இரண்டாவது குறைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நாவல் ஒரு 'பிரச்சினை'யாகச் சுருங்கிவிடுகிறது. 'இன்டெட்' என்றால் குழு அழுத்தம், இன்னொரு நாவல் என்றால் மணவிலக்கு, வேறொன்று என்றால் குடிப்பழக்கம் என்று தலைப்பு ஒட்டி விவாதிப்பது எளிது. ஐந்து நிமிடத்தில் வகுப்பு நாவலை விட்டு வெளியேறி, பொதுவாகப் பேசத் தொடங்கிவிடும். அக்னெஸ் என்ற சிறுமிதான் 'இன்டெட்'டின் கதையைச் சொல்கிறாள். நடந்த கொடுமைகளில் அவளுக்கும் பங்குண்டு. அவள் எதைச் சொல்லாமல் தாண்டுகிறாள், எந்த இடத்தில் 'நாங்கள்' என்ற சொல்லின் பின்னால் ஒளிந்துகொள்கிறாள் என்று பார்க்கத் தொடங்கினால் அந்த நாவல் வேறு ஆழத்தில் திறக்கும். கதை நடக்கும் கற்பனை ஊரின் பெயர் டேரிங். அந்தச் சொல்லுக்கு அரிமானம் என்று பொருள். இவற்றைக் கவனிக்க இரண்டாம் முறை படிக்க வேண்டும். கருத்தைச் சொல்லி முடித்தவர் மறுபடி படிப்பதில்லை.

பிரச்சினையை விவாதிப்பதே வீண் என்று நான் சொல்லவில்லை. 1966இல் ஜெயகாந்தனின் 'அக்னிப்பிரவேசம்' சிறுகதை ஆனந்த விகடனில் வெளிவந்தபோது, தவறிழைக்கப்பட்ட மகளைத் தாய் தலையில் நீரூற்றி ஏற்றுக்கொண்டது சரியா என்று தமிழ் வாசகர்கள் மூண்டெழுந்து வாதாடினார்கள். அந்த வாதத்துக்கு விடையாகத்தான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவல் பிறந்தது. ஆனால் அந்த வாசகர்கள் தாயின் செயலைப் பற்றி, கதைக்குள் நின்றுகொண்டு சண்டை போட்டார்கள். கதையை வாசலில் விட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போகவில்லை.

மூன்றாவது, 'அது என் கருத்து' என்ற சொற்றொடர். டேனிஷ் இளைஞர் வாயில் இது அடிக்கடி வரும். பேச்சு அதோடு நின்றுவிடும். கருத்துரிமையை மதிக்கும் சமூகத்தில் இன்னொருவர் கருத்தைத் துருவிக் கேட்பது நாகரிகக் குறைவு போல ஆகிவிடுகிறது. இதோடு 'யான்டலோவன்' என்ற எழுதாச் சட்டமும் சேர்கிறது. ஆக்செல் சான்டமோச 1933இல் எழுதிய நாவலில் வரும் யான்ட என்ற சிற்றூரின் நெறி அது. யாரும் தன்னைப் பிறரைவிட மேலாக நினைத்துவிடக் கூடாது என்பது அதன் சாரம். வட்டமாக உட்கார்ந்து வரிசையாகப் பேசும் வகுப்பில், நான்கு பேர் 'நன்றாக இருந்தது' என்ற பிறகு ஐந்தாமவர் 'எனக்கு இதில் பொய்மை தெரிந்தது' என்று சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்!

கருத்தோடு நின்றுவிடுவதா, படைப்பை அலசுவதா என்ற சிக்கல் நம்மிடமும் இருந்தது. திறனாய்வாளர் க.நா.சு. தன் ரசனையை நம்பி, இது நல்ல நாவல், இது இல்லை என்று தீர்ப்புச் சொன்னார், பட்டியல்கள் போட்டார். 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, படைப்பை வரி வரியாக அலசிக் காட்ட வேண்டும் என்றார். டேனிஷ் வகுப்பறை பிள்ளைகளுக்குக் க.நா.சு.வின் துணிவைக் கொடுக்கிறது. க.நா.சு.வின் பின்னால் வாழ்நாள் முழுவதும் படித்த படிப்பு இருந்தது. பதின்மூன்று வயதில் அது இருக்க முடியாது. அந்தக் குறையை ஈடுகட்டக்கூடியது செல்லப்பாவின் பொறுமை ஒன்றே. 'பிடிக்கவில்லை' என்ற பிள்ளையிடம் ஆசிரியர் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி 'ஏன்' என்பதுகூட இல்லை, 'எந்தப் பக்கத்தில்?' என்பதே. 'ஏன்' என்று கேட்டால் பிள்ளை தன் கருத்தைக் காக்க முயலும். 'எந்தப் பக்கத்தில்' என்று கேட்டால் புத்தகத்தைத் திறக்கும்.

படிப்பதே குறைந்துவரும் நாட்டில் இதையெல்லாம் யோசிக்க வேண்டியிருக்கிறது. 2021இல் நடந்த பெர்ல்ஸ் என்ற பன்னாட்டு வாசிப்பு ஆய்வில், வாசிப்பை மிகவும் விரும்பும் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் குறைவாக உள்ள நாடுகளில் ஒன்றாக டென்மார்க் இருந்தது. 2025 ஆகஸ்டில், வாசிப்பு நெருக்கடியைக் காரணம் காட்டி, நூல்கள் மீதான 25 சதவீத மதிப்புக் கூட்டு வரியை நீக்கப்போவதாக அரசு அறிவித்தது. வரியை நீக்கினால் புத்தகம் கைக்கு வரும். கைக்கு வந்த புத்தகத்தைத் தோழியிடம் பேசாமல் இருக்க முடியாத ஆவலை எந்த வரிச்சலுகையும் தராது.

டென்மார்க்கில் வளரும் நம் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1980களில் ஈழத்திலிருந்து ஏதிலிகளாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அந்த வகுப்பறைகளில் இருக்கிறார்கள். தமிழ் ஏதிலிகளின் குடும்பங்கள் வந்து சேர்வதைத் தடுத்து வைத்த விவகாரத்தால் 1993 ஜனவரியில் பிரதமர் பவுல் ஸ்லூட்டரின் ஆட்சியே கவிழ்ந்தது. அதை டேனிஷ் மக்கள் 'தமிழர் வழக்கு' என்றே அழைக்கிறார்கள். இந்தப் பின்னணியில், 'இன்டெட்'டில் வரும் ஹுசைனின் தொழுகை விரிப்பைப் பற்றி வகுப்பு பேசும்போது, கறுத்த தோலுள்ள பிள்ளையை நோக்கி எல்லாத் தலைகளும் திரும்பும் அபாயம் இருக்கிறது. 'உங்கள் வீட்டில் எப்படி?' என்று கேட்டுவிட்டால், அந்தப் பிள்ளை அன்று நாவலின் வாசகராக இருக்கும் உரிமையை இழந்து, ஓர் இனத்தின் சாட்சியாக நிறுத்தப்படுகிறது. நல்ல ஆசிரியர் அந்தக் கேள்வியைத் தடுத்துவிடுவார்.

வீட்டிலோ வேறொரு மௌனம். வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் நம் பிள்ளைகள் குறள் ஒப்பிக்கிறார்கள், பேச்சுப்போட்டியில் பெரியவர் எழுதிக் கொடுத்ததைப் பேசுகிறார்கள். வாரத்தின் ஐந்து நாள் கருத்துக் கேட்கப்படும் பிள்ளை, ஆறாம் நாள் ஒப்பிக்க மட்டும் கேட்கப்படுகிறது. அந்தப் பள்ளிகளை நடத்துவோரிடமும் பெற்றோரிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பிள்ளை படித்த டேனிஷ் நாவலைப் பற்றித் தமிழிலோ டேனிஷிலோ, வருகிற மொழியில் பேசட்டும். 'இன்டெட்'டின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2010லேயே வந்துவிட்டது. முதல் மாதத்துக்கு அதை நீங்களும் படித்துவிட்டு வாருங்கள்.