யாரைத் தயாரிக்கிறார்கள்?

உயிர்மருத்துவ ஆய்வுக்குப் பல இனங்களைச் சேர்ந்த இளநிலை மாணவர்களைத் 'தயாரிப்பது' பற்றி அமெரிக்கக் கல்வியாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள. அவற்றைப் படிக்கும்போது, தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு முதலில் கண்ணில் படுவது இலக்கணம்தான். அந்த வாக்கியங்களில் பல்கலைக்கழகம் எழுவாய். கறுப்பின, லத்தீன், பூர்வகுடி மாணவர்கள் செயப்படுபொருள். குறை அவர்களிடம், நிறைவு இவர்களிடம். நல்லெண்ணத்தோடு பேசப்படும் இந்தச் சொல்லாடலுக்குள் அதிகாரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கவேண்டியிருக்கிறது.

பால்டிமோரிலிருந்து தொடங்கலாம். 1951இல் அங்கே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், ஹென்றியேட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் புற்றுக்கட்டியிலிருந்து அவரைக் கேட்காமலே செல்களை எடுத்தார்கள். 'ஹீலா' என்ற பெயரில் அவை இன்றும் உலகத்து ஆய்வுக்கூடங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. ஆக, கறுப்பு உடல் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைய எந்தத் தயாரிப்பும் தேவைப்படவில்லை. கறுப்பு மனிதர் ஆய்வாளராக நுழையப்போனால்தான் 'தகுதி' பற்றிய பேச்சு வருகிறது.

இந்தப் பேச்சை 1970களிலேயே கணிதக்காரர் ஒருவர் கேள்விக்குட்படுத்தினார். பெர்க்லியில் நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் ஏன் தோற்கிறார்கள் என்று யூரி ட்ரைஸ்மன் கூடவே இருந்து கவனித்தார். உழைப்பில்லை, வீட்டில் ஆதரவில்லை என்ற ஊகங்களெல்லாம் பொய்த்துப்போயின. அவர்கள் தனியாகப் படித்தார்கள். சீன வம்சாவளி மாணவர்கள் கூடிப் படித்தார்கள். விஷயம் அவ்வளவுதான்.

பால்டிமோரை ஒட்டிய மேரிலாந்துப் பல்கலைக்கழக வளாகத்தில் 1988இல் ஃப்ரீமன் ஹ்ரபௌஸ்கி முன்னின்று உருவாக்கிய மேயர்ஹாஃப் திட்டமும் கூடிப் படிப்பதை மையத்தில் வைத்தது. 1989இல் வந்த முதல் அணி 19 கறுப்பின ஆண்கள். அப்புறம் பெண்கள் வந்தார்கள். 1996இலிருந்து எல்லா இனத்தவரும். கல்லூரி திறக்குமுன்பே கோடையில் சேர்ந்து தங்கிப் படிப்பு, சீக்கிரமே ஆய்வுக்கூட வேலை, ஒருவர் தடுமாறினால் மற்றவர் கை கொடுப்பது. கொரோனா தடுப்பூசி ஆய்வில் முக்கியப் பங்காற்றிய கிஸ்மீக்கியா கார்பெட் 2008இல் இங்கிருந்து பட்டம் பெற்றவர்.

நல்லாப் படிக்கிற பிள்ளைகளாகப் பார்த்துச் சேர்த்துக்கொண்டால் ஜெயிக்காமல் என்ன செய்யும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அழைப்பு வந்தும் வேறு கல்லூரிகளுக்குப் போன, அதே மதிப்பெண் பெற்ற மாணவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். முனைவர் பட்டத்துக்குப் போனவர்கள் இங்கே பல மடங்கு அதிகம். எனவே குறை மாணவர் தலைக்குள் இல்லை. அவரைத் தனியாக விட்ட இடத்தில் இருக்கிறது.

எனக்கு உறுத்துவது வேறொன்று. தயாரான பிறகு என்ன ஆகிறது? 'சயின்ஸ்' இதழில் 2011இல் வந்த ஓர் ஆய்வு, என்.ஐ.எச். எனப்படும் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வு நிதியைப் பரிசீலித்தது. படிப்பு, பயிற்சி, வெளியீடுகள் எல்லாவற்றையும் கணக்கில் கொண்ட பிறகும், கறுப்பின விஞ்ஞானிகளுக்கு நிதி கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையரைவிட 10 சதவீதப் புள்ளிகள் குறைவு. இவர்கள் முனைவர் பட்டம் வாங்கியவர்கள். இவர்களை இன்னும் எந்தக் கோடை முகாமுக்கு அனுப்புவது? மேயர்ஹாஃப் போன்ற அரிய வெற்றிகளைக் காட்டியே மற்ற நிறுவனங்கள் தம்மைப் பரிசோதித்துக்கொள்ளாமல் தப்பித்துவிடுகின்றன என்பது என் குற்றச்சாட்டு.

2025இல் அதே என்.ஐ.எச். இத்தகைய மாணவர்களுக்கான பயிற்சித் திட்டங்கள் பலவற்றை நிறுத்தியது. மாணவரைச் செயப்படுபொருளாகவே வைத்திருக்கும் ஏற்பாட்டில், கொடுக்கிற கைதான் எழுவாய். அது நினைத்தால் கொடுக்கும், நினைத்தால் எடுத்துக்கொள்ளும். திட்டங்களைத் திரும்பக் கேட்கவேண்டும், சந்தேகமில்லை. கூடவே இன்னொன்றையும் கேட்கவேண்டும்: விண்ணப்பங்களை மதிப்பிடும் குழுக்களை, பேராசிரியர்களை நியமிக்கும் துறைகளை யார், எப்போது தயாரிக்கப்போகிறார்கள்?