செஞ்சிப் பாறைகளும் மணிப்பிரவாள ஏடுகளும்

தமிழையும் வடமொழியையும் ஒரே தொடரில் விரவி எழுதும் மணிப்பிரவாளம் இடைக்காலத்தில் சோழ, பாண்டிய நாடுகளிலும் மலைநாடாகிய கேரளத்திலும் ஒரே பெயரில் வழங்கியது. எனினும் மலைநாட்டில் அது ஒரு புதிய இலக்கிய மொழி உருவாவதற்குத் துணைநின்றது, தமிழ்நாட்டிலோ உரைநடையின் பெருஞ்செல்வத்தைச் சேர்த்துவைத்த பிறகு பொதுவாசகரின் பார்வையிலிருந்தே விலகிப் போனது. இந்த வேறுபாட்டின் வேரைத் தேடுவோருக்குச் செஞ்சி வட்டாரம் நல்ல சான்றுகளைத் தருகிறது.

செஞ்சிக் கோட்டைக்கு வடக்கே, சிங்கவரத்துக்கு அருகில் உள்ள திருநாதர்குன்றில், 24 தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசைக்குப் பன்னிரண்டாக இரு வரிசைகளில் ஒரு பாறை முகத்தில் செதுக்கப்பட்டுள்ளன. அக்குன்றில், உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியரின் நினைவாக ஒரு கல்வெட்டு இருக்கிறது. நோன்பு 57 நாள் நீடித்ததைச் சொல்லும் இந்தச் சிறு கல்வெட்டு, தமிழ்ப் பிராமி எழுத்து வட்டெழுத்தாக உருமாறும் காலத்து வரிவடிவில் அமைந்தது. அதில் உள்ள சொற்களில் உண்ணாமையைக் குறிக்கும் ‘அனசனம்’, ‘ஆசிரிகர்’, நினைவிடத்தைக் குறிக்கும் ‘நிசீதிகை’ ஆகிய மூன்றும் வடபுலத்திலிருந்து வந்தவை. ஆனால் அவற்றைப் பொறித்தவர் புதிய எழுத்து எதையும் நாடாமல், தமிழ் ஒலிக்கு இசைய மாற்றி, தம் எழுத்துகளாலேயே எழுதினார். வடசொல் தமிழில் வரும்போது வடவெழுத்தை விலக்கி வரவேண்டும் என்ற தொல்காப்பிய நெறியே இது.

இக்கல்வெட்டுக்குச் சற்றுப் பிற்பட்ட மகேந்திரவர்ம பல்லவனின் குடைவரைகள் செஞ்சிக்குத் தெற்கே வேறொரு வழியைக் காட்டுகின்றன. செங்கல், மரம், உலோகம், சுண்ணம் இன்றி மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததைச் சொல்லும் மண்டகப்பட்டுக் கல்வெட்டு முழுவதும் வடமொழியில், பல்லவ கிரந்த எழுத்தில் உள்ளது. கிரந்தம் என்பது வடமொழி ஒலிகளைத் தென்னாட்டார் எழுதுவதற்கு ஏற்பட்ட வரிவடிவம். தளவானூர்க் குடைவரையிலோ வடமொழிச் செய்யுள் கிரந்தத்திலும் தமிழ்ச் செய்யுள் தமிழ் எழுத்திலும் தனித்தனியே நிற்கின்றன. மணிப்பிரவாளம் இந்த இரண்டு எழுத்துகளையும் ஒரே வரிக்குள் கொண்டுவந்தது. 11ஆம் நூற்றாண்டின் வீரசோழியம், வடவெழுத்து இடையிடையே வருவதை விரவியல் என்றும், வடசொற்கள் கலந்து எதுகையின்றி வருவதை மணிப்பிரவாளம் என்றும் பிரித்து இலக்கணம் கூறுகிறது. இலக்கண நூலே வகுத்துச் சொல்லும் அளவுக்கு இந்த வழக்கம் அப்போது ஊன்றியிருந்தது.

இந்நடையின் முதன்மையான சிறப்பு, அது தமிழுக்கு வாதம் செய்யும் உரைநடையைத் தந்தது என்பதாகும். நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்குத் திருக்குருகைப்பிரான் பிள்ளான் எழுதிய ஆறாயிரப்படி தொடங்கி, 13ஆம் நூற்றாண்டில் நம்பிள்ளை சொல்ல வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்திய ஈடு முப்பத்தாறாயிரப்படி வரை (படி என்பது 32 எழுத்து கொண்ட அளவு), மறுப்பும் விடையும் உவமையும் கதையும் கலந்து ஓடும் அந்த உரைநடை, செய்யுளே கோலோச்சிய காலத்தில் ஓர் அரிய வளர்ச்சி. எடுத்துக்காட்டாக, ‘கர்மக்ஷயத்தாலே’ என்று இந்நடையில் எழுதும்போது, பெயர் முழுதும் வடமொழியாயினும் ‘ஆலே’ என்ற உருபு பேச்சுத் தமிழாகவே நிற்கிறது. ஈட்டில் இத்தகைய பேச்சுவடிவங்கள் நிறைந்திருப்பதால், 13ஆம் நூற்றாண்டுத் திருவரங்கத்துக் கேட்போர் காதில் விழுந்த தமிழை இன்றும் அதில் கேட்க முடிகிறது. வேதாந்த நுண்பொருளை வடமொழி அறியாதவர்க்கும் எட்டச்செய்ய வேண்டும் என்ற வைணவ ஆசிரியர் பிள்ளை லோகாசாரியரின் நோக்கமும் இந்நடையாலேயே கைகூடியது. மணிப்பிரவாளத்தைத் தமிழின் சிதைவு என்று ஒரே சொல்லில் தள்ளுவோர் இவற்றைக் கணக்கில் கொள்வதில்லை.

குறையும் சிறிதன்று. ஆழ்வாரின் எளிய தமிழை விளக்க வந்த ஆறாயிரப்படி, பாசுரத்தைவிடக் கடினமாக அமைந்தது. சொல்லுக்குச் சொல் பொருள் தரும் பன்னீராயிரப்படியை வாதிகேசரி அழகிய மணவாள சீயர் பின்னர் எழுத நேர்ந்ததே அதற்குச் சான்று. செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட மேல்சித்தாமூரில் மடம் கொண்டுள்ள தமிழ்ச் சமணரின் மணிப்பிரவாள நூலான ஸ்ரீபுராணமோ எழுத்தால் சிக்கலுக்கு உள்ளானது. ஜினசேனர், குணபத்திரர் ஆகியோரின் வடமொழி மகாபுராணத்தைத் தழுவி, 63 பெருமக்களின் வரலாற்றைச் சொல்லும் அந்நூல், கதையாகப் படிக்க எவருக்கும் உகந்தது. ஆயினும் கிரந்தப் பயிற்சி அருகியபோது, பெரும்பாலும் உழவைத் தொழிலாகக் கொண்ட தமிழ்ச் சமணக் குடும்பங்களில் அதைத் தாமே படிக்கவல்லோர் தொகை சுருங்கியது இயல்பே.

மலைநாட்டில் நடந்தது வேறு. 849ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் கண்ட வட்டெழுத்து, தமிழ்நாட்டில் சோழர் ஆட்சிக் காலத்தில் மறைந்தும், அங்கே பல நூற்றாண்டு நீடித்தது. 14ஆம் நூற்றாண்டின் லீலாதிலகம், மணிப்பிரவாளத்துக்கு வடமொழியிலேயே இலக்கணம் வகுத்து, வடசொல் வடமொழி வேற்றுமையோடே வரவேண்டும் என்றது. மேலே கண்ட சொல் அதன்படி ‘கர்மக்ஷயேண’ என்றே நிற்கும். மலையாளச் சொற்களுக்கும் வடமொழி விகுதி சேர்க்க அது இடம் தந்தது. தமிழ் எழுத்தும் எதுகை மோனையும் கொண்ட ‘பாட்டு’ என்னும் வகையை அதே நூல் தனியே நிறுத்தியது. கலப்பின் அளவை மட்டும் பார்த்தால், தமிழ் மணிப்பிரவாளத்தைவிட இதுவே தாய்மொழிக்குப் பெருங்கேடு. உண்ணுநீலி சந்தேசம் முதலான நூல்கள் அரசவையையும் கணிகையர் மனையையும் சுற்றிவந்ததும் அதன் குறுகிய எல்லையைக் காட்டும். ஆனால் நிரணம் கவிஞரும், 16ஆம் நூற்றாண்டில் துஞ்சத்து எழுத்தச்சனும் பாட்டு மரபையும் வடசொல் வளத்தையும் இணைத்தனர். கிரந்தவழி வந்த ஆரிய எழுத்தே மலையாள நெடுங்கணக்காகிப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் உரியதாயிற்று. கற்றவர் சிலரின் கைப்பொருளாக இருந்த எழுத்து அவ்வாறு பொதுவுடைமையானதால், கலப்பும் மக்கள் மொழியில் கரைந்தது.

தமிழ்நாட்டில் கிரந்தம் அப்படிப் பொதுக்கல்விக்குள் வரவில்லை. 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் பொதுநடையைத் தூய்மை செய்தபோது, மணிப்பிரவாளம் காக்க ஆளின்றி நின்றது. அவ்வியக்கம் இன்றைய தமிழுக்குச் செய்த நன்மை பெரிது. ஆனால் இன்றைக்கு எப்படி எழுதுவது என்ற தேர்வு வேறு, முன்னோர் எழுதியதைப் படிப்பது வேறு. முன்னதில் மணிப்பிரவாளத்துக்கு இடமில்லை என்று முடிவு செய்தவர்கள் பின்னதையும் கைவிட்டது தமிழ் உரைநடை வரலாற்றுக்கு நேர்ந்த இழப்பு. வடசொல் கலந்ததில் திருநாதர்குன்றுக் கல்வெட்டுக்கும் ஸ்ரீபுராணத்துக்கும் உள்ள வேறுபாடு அளவைப் பற்றியது. வாசகரைத் தடுத்தது இரண்டாவது எழுத்தான கிரந்தமே. அந்தத் தடை கடக்க முடியாதது அன்று. தமிழ்த்துறைகள் கிரந்தத்தைக் கல்வெட்டு மாணவர்களோடு நிறுத்திவிடாமல் இலக்கிய மாணவர் அனைவருக்கும் கற்பிக்க வேண்டும். ஸ்ரீபுராணமும் ஈடும் சொற்பொருளோடு தமிழ் எழுத்தில் எளிய பதிப்புகளாக வரவேண்டும்.