ஏந்திய கையும் எழுதிய கையும்

லிவிங் ஸ்மைல் வித்யா எழுதி, 2007-இல் வெளிவந்த 'நான் வித்யா' எனும் தன்வரலாற்றைப் படித்துக் கண்ணீர் வடிப்போர் உளர். கண்ணீருக்காகவா எழுதப்பட்டது இந்நூல்? இல்லை, தோழர்காள்! சமுதாயத்திடம் கணக்குக் கேட்கும் ஏடு இது.

முதுகலைப் பட்டம் பெற்றவர், புனே நகரத்து இரயில் பெட்டிகளிலே கையேந்தி நின்றார். ஏன்? அறிவிலே குறையா? உழைக்க மனமில்லையா? பெண்ணெனத் தன்னை உணர்ந்ததையே குற்றமாக்கிக் கதவடைத்தது சமுதாயம். அடைத்தபின் 'தலைவிதி' என்று பெயரும் சூட்டிற்று. வறுமை வானத்திலிருந்து வீழ்வதன்று, மனிதர் வகுத்தது என்பதை இந்நூல் வாதத்தால் அன்று, வாழ்வால் நிறுவுகிறது. அதனையே இதன் வலிமை என்கிறோம்.

ஒருவர் கதைதானே என்பார், ரேவதி தொகுத்த 'உணர்வும் உருவமும்' நூலையும் அருகே வைத்துப் படிக்கட்டும். குரல்கள் பல, கோரிக்கை ஒன்றே: இரக்கம் வேண்டோம், இடம் தருக!

2008-இல் தமிழ்நாட்டில் திருநங்கையர் நல வாரியம் பிறந்தது. இந்தியாவில் அதுவே முதல். 2014-இல் உச்சநீதிமன்றம், திருநரைச் சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கியோராகக் கொண்டு இடஒதுக்கீடு வழங்கப் பணித்தது. வரவேற்கிறோம். ஆனால், வறுமை ஒழிப்புக்குத் திட்டம் தீட்டும் அவைகளின் வாயிலில், இவர்கள் உதவி பெறுவோராக மட்டும் வரிசையில் நிற்பதா? பசியை அறிந்தவர் பேசாத அவையிலே தீட்டப்படும் திட்டம், நோயாளியைக் காணாமலே எழுதிய மருந்துச் சீட்டன்றோ!

இளைஞர்களே, நூலைப் படியுங்கள். படித்தபின், உங்கள் மன்றத்து மேடையில் அவர்களுக்கு நாற்காலி இடுங்கள். அவர்கள் பேசட்டும், நாம் கேட்போம்.