சீக்கிரம் காய்வது ஒரு சிறப்பா?

அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பவர்களில் பலர் அதைத் துடைக்கும் திரவத்தைக் கடையில் வாங்குவதில்லை; தாங்களே கலந்துகொள்கிறார்கள். அவற்றில் பெயர்பெற்றது ‘எட்ஸ் ரெட்’. சி. இ. ஹாரிஸ் என்ற துப்பாக்கித் துறை எழுத்தாளர் சொல்லிக்கொடுத்த பக்குவம் இது: காருக்கு ஊற்றும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயில், மண்ணெண்ணெய், மினரல் ஸ்பிரிட், அசிட்டோன், நான்கும் சம அளவு. கியர் ஆயிலின் சிவப்பே கலவையின் நிறம்.

வீட்டுக் கலவை என்பதாலேயே இதை ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்கப் படைக்கலத் துறை அதிகாரி ஜூலியன் ஹாட்சர் பதிந்துவைத்த ராணுவக் கலவை ஒன்றின் வழியில் வந்தது இது. அந்தப் பழைய பக்குவத்தில் அசிட்டோனோடு டர்பென்டைனும் மண்ணெண்ணெயும் திமிங்கில எண்ணெயும் இருந்தன. திமிங்கில எண்ணெய் இருந்த இடத்தில் இன்று கியர் ஆயில் இருக்கிறது. விலையும் மலிவு. எல்லாவற்றையும்விடப் பெரிய பலம், உள்ளே என்னென்ன இருக்கிறது என்பது கலப்பவருக்குத் தெரியும். கடைப் புட்டியில் பாதி சேர்மானம் வியாபார ரகசியம் என்று மறைந்திருக்கலாம். தன் கையால் ஊற்றியவருக்கோ எது தீப்பிடிக்கும், எது தோலைத் தின்னும் என்று ஒவ்வொன்றாக எடைபோட வழியிருக்கிறது.

ஆனால் அப்படி எடைபோடுபவர்கள் குறைவு. இந்தக் கலவையில் இடிக்கிற பொருள் அசிட்டோன். அது 56 டிகிரி செல்சியஸில் கொதிக்கும்; பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியிலும் அதன் ஆவி தீப்பற்றும். காற்றைப்போல இரு மடங்கு கனமான ஆவி மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து பரவும். அமெரிக்க வீடுகளில் இந்த வேலை பெரும்பாலும் அடித்தளத்திலோ கார் கொட்டகையிலோ நடக்கிறது. குளிர்காலத்தில் ஜன்னல்கள் அடைத்திருக்கும். அதே அறையின் மூலையில் எரிவாயுவில் ஓடும் வெந்நீர்க் கொதிகலன் நிற்கும். அதன் அடியில் சிறு சுடர் அணையாமல் எரிந்துகொண்டிருப்பதும் உண்டு. ஆவி தேடிப் போகும் இடமும் அந்தத் தரைமட்டம்தான். அசிட்டோன் துப்பாக்கியின் மரப்பிடி மெருகையும் சில வகைப் பிளாஸ்டிக்கையும் கரைத்துவிடும் என்பது வேறு.

இத்தனைக்கும் ஹாரிஸே அதைக் கட்டாயமாக்கவில்லை. தானியங்கித் துப்பாக்கியின் இறுகிய கரிக்கும், ஷாட்கன் குழலில் ஒட்டும் பிளாஸ்டிக் படிவுக்கும் அது உதவும். காற்றோட்டமில்லாத இடத்தில் விட்டுவிடலாம், கைத்துப்பாக்கிகளுக்குப் பெரிய குறை வராது என்பது அவர் கருத்து. இந்தப் பகுதியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். காரணம், சட்டென்று காயும் திரவத்தின் மேல் உள்ள மோகம். தெளித்தால் கரி வழிந்தோட வேண்டும், அரை நிமிடத்தில் இரும்பு உலர வேண்டும். நான் சண்டைக்கு நிற்பது இந்த அளவுகோலோடுதான். உலர்ந்த திரவம் எங்கும் மாயமாகிவிடவில்லை. அறைக் காற்றில் கலந்து, துடைப்பவரின் நெஞ்சுக்குள் போகிறது.

வேக மோகத்தின் உச்சம் கார் பிரேக் துடைக்கும் ஸ்பிரே. அதில் குளோரின் கலந்த வகை தீப்பிடிக்காது என்பதால் ‘பாதுகாப்பானது’ என்று பெயர் வாங்கியது. ஒரு காலத்தில் கார்பன் டெட்ராகுளோரைடும் இதே காரணத்துக்காகத் தீயணைப்பானில்கூட நிரப்பப்பட்டது. கல்லீரலைக் கெடுப்பது தெரிந்து 1970இல் அமெரிக்கா அதை வீட்டு உபயோகப் பொருள்களிலிருந்து விலக்கியது. அடுத்து வந்த டிரைகுளோரோஎதிலீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2012இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. பிரேக் ஸ்பிரேயில் இருக்கும் பெர்குளோரோஎதிலீனையும் வீட்டு உபயோகத்திலிருந்து அகற்ற 2024 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை விதி வெளியிட்டது. தீப்பிடிக்காததெல்லாம் தீங்கில்லாதது என்ற நம்பிக்கை இத்தனை முறை பொய்த்தும் இன்னும் சாகவில்லை.

எதைக் கரைக்கப் போகிறோம் என்று யாரும் முதலில் கேட்பதில்லை என்பது இன்னொரு குறை. பழைய ராணுவத் தோட்டாக்களில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டபின் குழலில் உப்பு படியும். காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவேற்றும் அந்த உப்பை மண்ணெண்ணெயோ அசிட்டோனோ கரைக்காது. தண்ணீர் கரைக்கும். .303 ரைஃபிள் காலத்துப் பிரிட்டிஷ் சிப்பாய் குழலில் கொதிநீர் ஊற்றியது மூடத்தனம் அல்ல. குண்டு குழலில் விட்டுச்செல்லும் செம்புப் படிவுக்கு வேண்டியது அம்மோனியா. எட்ஸ் ரெட் அங்கே அதிகம் உதவாது. அம்மோனியாக் கரைசலில் நனைத்த துணித்துண்டு குழலிலிருந்து நீலப்பச்சையாக வந்தால் செம்பு இருக்கிறது என்று பொருள். ஆனால் வெண்கலத் தூரிகையால் தேய்த்திருந்தால் தூரிகையே கரைந்து அதே நிறம் காட்டும். சுத்தமான குழலை மணிக்கணக்காகத் தேய்ப்பவர்கள் இதனால்தான் ஏமாறுகிறார்கள். அம்மோனியாவைத் தோட்டாக்களின் பக்கத்திலும் வைக்கக்கூடாது. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கிய தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் தாமாகவே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாவே காரணம் என்பது 1921இல்தான் விளங்கியது.

கரைப்பானைப் பற்றி இவ்வளவு பேசுபவர்கள், அது கரைத்துக் கையில் கொண்டுவந்து சேர்ப்பதை மறக்கிறார்கள். பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் இருக்கிறது. எந்தத் திரவத்தால் துடைத்தாலும் அந்த ஈயம் துணிக்கும் விரலுக்கும் வரும், விரலிலிருந்து சோற்றுக்குப் போகும். கையுறை போட்டால் தீர்ந்தது என்றும் இருக்க முடியாது. கடையில் கிடைக்கும் மெல்லிய நைட்ரைல் கையுறை மண்ணெண்ணெய்க்கும் மினரல் ஸ்பிரிட்டுக்கும் தாங்கும். அசிட்டோன் அதைச் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். ஆக, நாலாவது பங்கை ஊற்றுபவர் கைக்கு இருந்த காவலையும் சேர்த்தே இழக்கிறார். அசிட்டோன் இல்லாத மூன்று பங்குக் கலவை, நைட்ரைல் கையுறை, திறந்த ஜன்னல், துடைத்த துணிகளுக்கு மூடியுள்ள தகர டப்பா: வீட்டில் துப்பாக்கி துடைப்பவருக்கு நான் பரிந்துரைப்பது இவ்வளவே. கரி இளக ஒரு ராத்திரி ஊற வேண்டியிருக்கும், ஊறட்டும்.