வரைபடத்தில் இல்லாத அம்மாக்கள்

ஹன்டிங்டன் நோய்க்கான மரபணு 4ஆம் குரோமோசோமில் இருப்பது 1983இல் தெரியவந்தது. அறிவியல் வரலாறு இதை வெற்றிக் கதையாகச் சொல்லும். அதே கதையை ஒரு வீட்டுக்குள்ளிருந்து சொல்கிறது ஆலிஸ் வெக்ஸ்லரின் 'மேப்பிங் ஃபேட்' (1995). வெனிசுவேலா கள ஆய்வை முன்னின்று நடத்திய நான்சி, ஆலிஸின் தங்கை. 1968இல் இவர்களுடைய அம்மா லியனோருக்கு இந்நோய் இருப்பது உறுதியானது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு உண்டு.

நான் இதை அம்மாவின் கதையாகவே வாசிக்கிறேன். லியனோர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தவர். பழ ஈக்களை ஆராய்ந்தவர். குரோமோசோமில் மரபணுக்களின் இடத்தைக் குறிக்கும் கலை பிறந்ததே அங்கே, பழ ஈக்களை வைத்துத்தான். அவருடைய அப்பாவையும் சகோதரர்களையும் இந்நோய் கொண்டுபோனது. ஆண்களுக்கு மட்டுமே வரும் என்று இளமையில் அவர் நம்பியிருந்தார். மரபியல் படித்த பெண்ணுக்கே தன் உடம்பைப் பற்றிய உண்மை எட்டவில்லை. வீட்டில் அதைப் பற்றிய பேச்சே இல்லை. எம்மா கோல்ட்மனின் வாழ்க்கையை எழுதிய ஆலிஸ், மேடையேறி முழங்கிய பெண்ணிலிருந்து வாய்மூடிப்போன தன் அம்மாவிடம் வருகிறார். நூலின் வலிமை அதுதான்.

ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. மரபணுவின் இடத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய குடும்பங்கள் வேண்டும். நோயோடு சேர்ந்தே தலைமுறை தலைமுறையாக இறங்கிவரும் டிஎன்ஏ அடையாளம் எது என்று பார்க்க வேண்டும். மாராகைபோ ஏரிக்கரையின் ஏழை மீனவக் குடும்பங்கள் அதற்கு ரத்தம் தந்தன. அவ்வளவு பிள்ளைகளைப் பெற்றவர்கள் அங்குள்ள பெண்கள். வம்ச வரைபடத்தில் அவர்கள் வெறும் வட்டங்கள். இந்நூலிலும் அவர்களை ஆலிஸின் கண் வழியாகத்தான் பார்க்கிறோம்; லியனோருக்குக் கிடைத்த மகள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

மரபணுவே 1993இல் பிடிபட்டது. பரிசோதனை வந்தது, நோயைத் தடுக்கும் மருந்து வரவில்லை. அப்படியிருக்க, தெரிந்துகொள்வது கடமையா என்று ஆலிஸ் கேட்கிறார். பிள்ளை பெறுவதா வேண்டாமா என்ற பாரத்தைச் சுமப்பவள் பெண் என்பதால், அந்தக் கேள்வி நம்முடையதும்தான். பதில் சொல்லாமல் விடும் அவருடைய நேர்மையை மதிக்கிறேன். மாராகைபோவின் மகள் ஒருத்தி தன் அம்மாவைப் பற்றி எழுதும்போதுதான் இந்த வரைபடம் முழுமையாகும்.