படிமமும் பிம்பமும்

படிமம் பற்றிப் பேசும்போதெல்லாம் நம் விமர்சகர்கள் கண்ணைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். கவிஞன் பார்த்ததை அப்படியே நிறுத்திவிட்டானாம். நானும் இப்படி எழுதியிருக்கிறேன். இப்போது அந்த 'அப்படியே' உறுத்துகிறது.

பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் நாலாபுறமும் சிதறும் ஒளியில், கண்ணுக்குள் நுழையும் சிறு பங்கைக் கார்னியாவும் லென்ஸும் வளைத்து விழித்திரையில் மீண்டும் புள்ளியாக்குகின்றன. மேலிருந்து வருவது கீழே விழுகிறது, பிம்பம் தலைகீழ். 11ம் நூற்றாண்டில் இப்னு அல்ஹைதம் தலைகீழ் பிம்பத்தை ஏற்கவில்லை. அது நேராக அமையும்படி கதிர்களின் பாதையை விளக்கினார். 1604ல் கெப்ளர் ஏற்றார். பின் எப்படி நேராகத் தெரிகிறது என்ற கேள்வியைத் தன் ஒளியியலுக்கு வெளியே விட்டுவிட்டார். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கிறது.

பிம்பத்தை உள்ளே உட்கார்ந்து யாரும் பார்ப்பதுமில்லை. சுமார் 12 கோடி ஒளியுணர் செல்கள் பெறுவதை ஏறக்குறைய 10 லட்சம் நரம்பிழைகள் கொண்டுபோகின்றன. விளிம்பு, வேறுபாடு, அசைவு இவையே முக்கியமாகப் போகின்றன. நரம்பு வெளியேறும் இடத்தில் பார்வையே கிடையாது. அந்த ஓட்டையும் நமக்குத் தெரிவதில்லை.

ஆக, பார்ப்பதிலேயே கைவிடுதல் இருக்கிறது. கவிதையிலுள்ள மரம் மரம்போல் இருக்கிறதா என்பதல்ல, கவிஞன் அதில் எதைக் கைவிட்டான் என்பதே கேள்வி. 'தெளிவான படிமம்' என்று நான் பாராட்டிய கவிதைகளை மறுபடி படித்தேன். சிலவற்றில் எதுவுமே கைவிடப்படவில்லை.