பச்சைத் தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீரா?

கெண்டை மீன் வளர்ப்புக் கையேடுகளில் இரண்டு அறிவுரைகளை அடிக்கடி காணலாம். சாணமும் சூப்பர் பாஸ்பேட்டும் இட்டு நீரைப் பச்சையாக்குங்கள் என்பது ஒன்று. பச்சை மிஞ்சிப் போனால் புதுநீர் விடுங்கள் என்பது மற்றொன்று. ஆற்றுப் பாசனம் உள்ள ஊரில் இவை பொருந்தலாம். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கண்மாய்களுக்கு இரண்டாவது அறிவுரை எப்படிப் பொருந்தும்?

இங்கே கண்மாய் நிறைவது ஐப்பசி, கார்த்திகை மழையில். அதன்பின் வரத்து இல்லை. வெயிலும் பாசனமும் நீரை இறக்கிக்கொண்டே வரும். மாசி, பங்குனியில் வெயில் உறிஞ்சுவது நீரை மட்டுமே. உரச்சத்து அப்படியே தங்கிச் செறிகிறது. சூடும் ஏறுகிறது. நீலப்பச்சைப் பாசி செழிக்க இது போதும். அவற்றுள் மைக்ரோசிஸ்டிஸ் என்னும் வகை, உடலில் உள்ள நுண்ணிய காற்றறைகளால் மிதந்து, பச்சைச் சாயம் கொட்டியதுபோல் ஏடு கட்டிவிடும்.

பகலில் பாசி பிராணவாயுவை வெளியிடுகிறது. இரவில் அதுவே மீனோடு போட்டியிட்டுப் பிராணவாயுவை உட்கொள்கிறது. ஆகவேதான் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன. பகலிலும் ஆபத்து உண்டு. பாசி கரியமில வாயுவை உறிஞ்சுவதால் நீரின் காரத்தன்மை ஏறி, அம்மோனியாவின் நச்சு மிகுந்த வடிவம் பெருகுகிறது.

2008லும் 2019லும் மன்னார் வளைகுடாவில் நாக்டிலூக்கா என்னும் ஒற்றைச் செல் உயிர் பெருகிக் கடல் பச்சையானபோது மீன்கள் செத்து ஒதுங்கின. கடலுக்காவது அலையும் நீரோட்டமும் உண்டு. கண்மாய்க்கு அவையும் இல்லை.

மயில்துத்தம் போட்டால் பாசி சாகுமே என்பார்கள். சாகும். ஆனால் மொத்தமாகச் சாவதுதான் தொல்லை. செத்த பாசி அழுகும்போது மிச்சப் பிராணவாயுவும் தீரும். பாசிக்குள் அடைபட்டிருந்த நஞ்சு நீரில் கலக்கும். ஈரலைத் தாக்கும் அந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. அதே கண்மாயில்தான் ஆடுமாடுகள் தண்ணீர் குடிக்கின்றன. வெள்ளிக்கெண்டை பாசியைத் தின்று தீர்த்துவிடும் என்பதும் அரை உண்மையே. 1959ல் ஜப்பானிலிருந்து இந்தியாவுக்கு வந்த அம்மீன் பாசியை வடிகட்டித் தின்கிறது. ஆயினும் மைக்ரோசிஸ்டிஸில் ஒரு பகுதி அதன் குடலைக் கடந்து உயிரோடு வெளியேறுகிறது.

வறண்ட சீமைக்கு ஏற்ற விதி, வருமுன் காப்பதே. மண் கலங்கல் இல்லாத நாளில் கையை நீரில் நேராக இறக்கிப் பாருங்கள். முழங்கை நனையுமுன்பே உள்ளங்கை மறைந்தால் சாணம், உரம், தீவனம் மூன்றையும் நிறுத்த வேண்டும். நீர் இறங்க இறங்கப் பெரிய மீன்களைத் தவணையாகப் பிடித்து விற்க வேண்டும். எடை கூடட்டும் என்று கடைசி நாள்வரை காத்திருக்கும் குத்தகைக்காரர், ஒரே இரவில் முழு முதலையும் இழக்கக்கூடும். மீன் வாய் பிளந்தால், விடியுமுன் இஞ்சின் வைத்துக் கண்மாய் நீரையே இறைத்துக் கண்மாயிலேயே பீய்ச்சலாம், காற்று கலக்கும்.

கையேடு எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள். 'புதுநீர் விடுங்கள்' என்ற வரிக்குப் பக்கத்தில், புதுநீர் இல்லாத ஊரார் என்ன செய்வது என்பதையும் எழுதுங்கள்.